வெட்டுவாய் காயும்வரை

அழுத்திய கட்டைவிரல் நகம் மறையும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. அவள் விரலை இழுத்துக்கொண்டு குழியைப் பார்த்தாள். எழும்பவில்லை. மீனாக இருந்தால் இந்நேரம் கழிவுக் கூடையில் வீசிவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்திருப்பாள். அழுத்தின குழி மேலே வராத சதை போன சதைதான், அதில் அவளிடம் மறுபேச்சு கிடையாது. சந்தையில் மீன் வெட்டிப் பிழைக்கிறவள் அவள். விலை கேட்டு நிற்கிறவர்களுக்கு முன்னால் விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான் பரிசோதனை. ஆனால் இது மீன் இல்லை. நாத்தனாரின் கள்ளிச்செடி. அடித்தண்டு பச்சை மாறிப் பழுப்பாகி, தண்ணீர் கோத்த காலைப் போல உப்பியிருந்தது. மேலே மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி முள்ளோடு விறைத்துக்கொண்டு நின்றது.

நாத்தனார் தையல்காரி. கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு, ஒற்றை மெஷினை மிதித்தே மகளை ஆளாக்கினவள். தனியாக வாடகை அறை எடுத்த வாரத்தில் விரல் உயரத்துக்கு வாங்கி வைத்த செடி, மகளோடு சேர்ந்து வளர்ந்து இன்றைக்கு ஆள் நெஞ்சு உயரம். அதன் பக்கத்தில் யாரையும் அண்டவிட மாட்டாள். தம்பி மீன் வெட்டுகிறவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவளும் அவள்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் தண்ணீர் குடித்தால்கூடத் தம்பி கையால்தான் வாங்கிக் குடிப்பாள். அப்பேர்ப்பட்டவள் மகளின் பிரசவத்துக்குக் கடல் தாண்டிப் போகும் முன், வண்டியில் செடியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். தம்பியைத் தாண்டிக்கொண்டு வந்து, தொட்டியை இவள் காலடியில் வைத்து, "பாத்துக்க" என்றாள். ஒரே ஒரு சொல். இத்தனை வருஷத்தில் நாத்தனார் நம்பி இவளிடம் விட்ட முதல் பொருள். இது போனால் இரண்டாவது என்று ஒன்று வரப்போவதில்லை.

அந்தச் சொல்தான் செடிக்கு எமனாக வந்தது. கடையில் அவளுடைய இடது கை எந்நேரமும் குவளையில்தான் இருக்கும். வெயில் ஏறினால் மீன் மேல் ஒரு தெளிப்பு, ஈ உட்கார்ந்தால் ஒரு தெளிப்பு, சும்மா இருந்தாலும் ஒரு தெளிப்பு. காய்ந்துபோன மீனை எவன் வாங்குவான்? வீட்டிலும் கை அதையே செய்தது. துணி காயப்போடப் போனால் ஒரு தெளிப்பு, எடுக்கப் போனால் ஒரு தெளிப்பு. வெக்கை கூடின நாட்களில் ஈரச்சாக்கை அடித்தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனாள். பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்தாள். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் வற்றவே விட்டதில்லை.

மறுநாள் பக்கத்து ஐஸ் கடைக்காரரிடம் சொன்னபோது, அவர் பாளத்தை உடைத்துக்கொண்டே, ஐஸ் போட்டு வைத்துப் பார், நாத்தனார் வரும்வரை தாங்கும் என்றார். அவள் வெட்டுக்கத்தியைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் ஒழுங்காக வாயைத் திறந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் நாற்றுப்பண்ணையில் கேட்கச் சொன்னார்.

நாற்றுப்பண்ணைக்காரன் அவள் போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வேரும் அடித்தண்டும் முடிந்த கதை, மேலே இருப்பது தனக்குச் சேதி வராமல் நிற்கிறது என்றான். நல்ல சதை வரும்வரை வெட்டு. வெட்டுவாயில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் விடாதே, அதுவே மேலே ஏறி மிச்சத்தையும் தின்றுவிடும். அப்புறம் மண் காட்டாதே, தண்ணீர் காட்டாதே, நிழலில் போட்டு வை. காயம் பொருக்குத் தட்டிக் காய்ந்த பிறகு காய்ந்த மணலில் நிறுத்து. வேர் தானாகக் கிளம்பும். வெட்டுவது பெரிய வேலை இல்லை, வெட்டிவிட்டுச் சும்மா இருப்பதுதான் எவராலும் முடிவதில்லை என்றும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் லாரி மெக்கானிக். இன்ஜினையே இறக்கி ஏற்றுகிறவன், அக்காவின் செடியைத் தொட நடுங்கினான். பழைய போர்வையைச் சுற்றித் தண்டைத் தரையில் கிடத்தினார்கள். கடைக் கத்தியை வெந்நீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்திருந்தாள். வீட்டுக் கத்தி நசுக்கும். நசுங்கின சதை மறுபடி அழுகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் இழுப்பில் அடித்தண்டு பொத்தென்று விழுந்தது. அழுகின பூசணிக்காயின் வாடை. வெட்டுவாயில் நடு வளையம் முழுக்கப் பழுப்பு. கத்தியைத் துடைத்தாள், அடுத்த துண்டு போட்டாள். வளையம் வெளுத்தது, ஆனால் பாதிதான். இன்னொரு துண்டு. ஒவ்வொரு துண்டும் நாத்தனாரின் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று நினைக்கும்போது கை கனத்தது. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போதும் விடு, இப்போதே இடுப்பளவு ஆகிவிட்டது என்றான். அவள் குனிந்து பார்த்தாள். வளையத்தின் ஓரத்தில், மிளகைக் கீறி வைத்த மாதிரி ஒரே ஒரு புள்ளி. பார்க்காதது போல விட்டிருக்கலாம். உயரமாவது மிஞ்சியிருக்கும்.

"பிடிங்க ஒழுங்கா," என்றாள்.

அடுத்த இழுப்பில் வெள்ளரிக்காய் போலச் சுத்தமான பச்சை வந்தது. ஒரு புள்ளியும் இல்லை. நெஞ்சுக்கு வந்த செடி முழங்காலுக்கு மேல் கொஞ்சம் என்று சுருங்கியிருந்தது. அதையும் அவள் அளந்து பார்த்து, குறுக்கே இன்னொரு வெட்டு வெட்டினாள். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று. புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இரண்டையும் பரண் ஓரத்தில் காகிதத்தின் மேல் கிடத்தினாள். அதன்பிறகுதான் பாடு ஆரம்பித்தது. கை தானாகக் குவளைக்குப் போனது. விலா எடுத்துச் சுருங்கிக்கொண்டே வந்த தண்டைப் பார்க்கப் பார்க்க, பெற்றதைப் பட்டினி போட்டவள் மாதிரி இருந்தது. நாத்தனார் போனில் தம்பியைக்கூட நலம் கேட்காமல் செடியைத்தான் முதலில் கேட்டாள். அவன் ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இவளைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் தடவினான். ஒரு சாயங்காலம் அவள் கடை முடிந்து வரும்போது, அவன் பரணுக்குக் கீழே சொம்போடு நின்றுகொண்டிருந்தான்.

"தவிச்சுக் கிடக்குது பாவம். ஒரு வாய் ஊத்துனா என்ன?"

"அது தவிக்கல. உங்களுக்குத்தான் தவிக்குது. அதை நீங்களே குடிங்க."

நின்ற இடத்திலேயே குடித்தான்.

வெட்டுவாய் காய்ந்து, காலணித் தோல் போல இறுகியதும், பருமணலும் செங்கல் பொடியும் கலந்த இரண்டு தொட்டிகளில் இரண்டையும் நிறுத்தினாள். தட்டு வைக்கவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன் போய் நிற்பாள், பார்ப்பாள், கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விடிகாலை வெளிச்சத்தில், மேல்தண்டின் உச்சியில் புதுமுள் நாலைந்து, குழந்தையின் நகம் போல இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தன. அவள் யாரையும் எழுப்பவில்லை. கடைக்குப் போய், ஐஸ் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்கும் அளவுக்குக் கத்தியைத் தட்டித் தட்டி மீன் வெட்டினாள்.

நாத்தனார் ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராக இங்கேதான் வந்தாள். அவசர வேலை என்று புருஷன் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கொல்லைப்புறத்தில் தொட்டிகளைப் பார்த்ததும் நாத்தனாருடைய கையில் இருந்த பெட்டி அப்படியே இறங்கியது.

"எங்க அது?"

"இதான் அண்ணி. அழுகிடுச்சு. தண்ணி ஊத்தி ஊத்தி நான்தான் அழுக வெச்சேன். நான்தான் வெட்டி எடுத்தேன்."

"கடையில ஒண்ணு வாங்கி நட்டு வெச்சிட்டு எங்கிட்ட கதை சொல்றியா?"

அவள் மேல்தண்டு இருந்த தொட்டியை முன்னால் நகர்த்தி வைத்தாள். சொல்லி நம்பவைக்க அது பேச்சு விஷயம் இல்லை. நாத்தனார் கீழே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, துணியில் தையல் பார்க்கிற விரலால் தண்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். ஒரு மடிப்பில் விரல் நின்றது. எப்போதோ அவளுடைய இஸ்திரிப் பெட்டி பட்டுத் தழும்பான இடம். அதையே மறுபடி ஒருமுறை தடவினாள். பிறகு குரலை மாற்றாமல், குச்சியை மணலில் குத்தி வைத்தாலும் நிற்கத்தான் செய்யும், வேர் இருந்தால்தான் செடி என்றாள். சொல்லிக்கொண்டே பயணப் போர்வையைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்டைக் கொத்தாகப் பிடித்தாள். பிரிக்க வேண்டிய தையலைப் பிரிக்கும் கை அது. இரக்கம் பார்க்காது. இவள் தடுக்க ஓரடி வைத்து, நின்றுவிட்டாள்.

நாத்தனார் வெடுக்கென்று இழுத்தாள். தண்டு கழன்று வரவில்லை. தொட்டியோடு எழுந்து வந்தது. மணலும் செங்கல் பொடியும் கனக்கும் தொட்டி, அந்தரத்தில் லேசாகச் சுழன்றது. அடி ஓட்டையிலிருந்து நூல் போல ஒரு வெள்ளை வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் தொட்டியை முகத்துக்கு நேரே தூக்கி அந்த வேரைப் பார்த்தாள். கனம் கையை இழுத்தது. ஆனாலும் இறக்கவில்லை. தாடையால் மட்டும் சுவரோரத் தொட்டியைக் காட்டினாள். அதிலிருந்த மற்றத் துண்டின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் இரண்டு குருத்துகள் முட்டிக்கொண்டிருந்தன.

"அது?"

"அது என்னோடது, அண்ணி."

மெஷின் சக்கரம் நிற்கும்போது வருவது போன்ற ஒரு சின்னச் சத்தம் நாத்தனாருடைய தொண்டையில் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"இதுக்குத் தண்ணி எப்ப ஊத்தணும்?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன்."

நாத்தனார் தலையை ஆட்டினாள். ஓட்டை வழியாக மணல் பொலபொலவென்று இருவர் பாதங்களின் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. வேர் காற்றில் ஆடியது. இரண்டு பேருமே காலை நகர்த்தவில்லை.