கோடாங்கிக்குக் கிடைக்காத பேய்

குழம்பில் உப்பு கம்மி என்று மாமியார் பிரகதாம்பாள் சொன்னாள். அவ்வளவுதான், உண்ணாமலை சட்டியைத் தூக்கித் தெருவில் அடித்தாள்.

பின்னே? புருஷன் பினாங்கில். அங்கே சண்டை மூண்டதிலிருந்து கடிதாசி இல்லை, இருக்கிறானா போனானா என்று கேட்கக்கூட ஆளில்லை. படுத்த படுக்கையான மாமனாருக்குப் பீ மூத்திரம் அள்ளுவது அவள். ஊரணித் தண்ணீர், மாடு, கடலைக்காடு, இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை, எல்லாம் அவள் தலையில். இந்த லட்சணத்தில் உப்பு கம்மியாம்! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு வராதா?

ஊர் என்ன சொன்னது? பேய் பிடித்திருக்கிறது என்றது. கிணற்றில் விழுந்து செத்த அழகி என்கிறவள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாளாம். செத்த பிறகும் அந்தப் பாவியை விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் இலுப்பூரிலிருந்து கோடாங்கி பிச்சைமுத்து வந்தான். உண்ணாமலையை வாசலில் உட்காரவைத்து, தலையை அவிழ்த்துவிட்டு, உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உடுக்கையை அடித்தான். பேய் தன் பேரைச் சொல்லிவிட்டால் அந்த முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். சட்டியை உடைத்தது பேய் என்றாகிவிடும், மருமகள் மேல் குற்றமில்லை. பேயே இல்லை, இவள் திமிர்தான் என்றானால், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு விரட்டிவிடுவேன் என்று பிரகதாம்பாள் முன்பே சொல்லியிருந்தாள்.

"யாருடி நீ? பேரைச் சொல்லு!"

அழகி என்று ஒரு சொல். சொல்லித் தொலைக்கலாம், பிள்ளையாவது கையில் இருக்கும். ஒருவேளை நிஜமாகவே அவள் உள்ளே இருக்கிறாளோ என்று உண்ணாமலை கண்ணை மூடித் தேடினாள். நெஞ்சு எரிந்தது. கோபம் இருந்தது, அழுகை இருந்தது. எல்லாம் தன்னுடையதுதான். இத்தனையையும் ஒருத்தி சுமந்தால் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. தன்னைத் திட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

"நான் உண்ணாமலை."

வேப்பங்குழை சுளீரென்று முதுகில் விழுந்தது. "பொய் சொல்லாத! யாரு?"

"உண்ணாமலைதான்யா! எத்தன வாட்டி கேப்பீங்க? சட்டிய ஒடச்சது நாந்தான். கோவமா இருக்கு. என்னால முடியல."

"ஒனக்கு என்னா வேணும்? கோழியா, சேலையா?"

"ஒரு மண்ணும் வேணாம். அழுகையும் கோவமும் சேந்து வருது. வந்துட்டுப் போகட்டும். என்னயச் செத்த நேரம் சும்மா விடுங்க."

"பேயி அழுத்தக்காரி ஆத்தா, இன்னும் நாலு போடணும்" என்று பிச்சைமுத்து குழையை ஓங்கினான்.

பிரகதாம்பாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"முடிய விடுய்யா. இவ வயசுல எனக்கும் ஒங்கப்பன் உடுக்கை அடிச்சான். வலி தாங்காம எவளோ செத்தவ பேரைச் சொன்னேன். அன்னைக்கு உள்ள இருந்தது நாந்தான்யா, வேற ஒருத்தியுமில்ல."

உண்ணாமலை விருட்டென்று நிமிர்ந்தாள். "தெரிஞ்சுக்கிட்டேயா என்னய இங்க ஒக்கார வச்சீங்க?"

பிரகதாம்பாள் அழுத பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மருமகள் சுமக்கிற குடத்தையும் எடுத்துக்கொண்டு ஊரணிப் பக்கம் நடந்தாள். உண்ணாமலை அவிழ்ந்த தலையோடு வாசலிலேயே உட்கார்ந்து ஆசை தீரக் கோபப்பட்டாள்.