நாற்பது தப்படி

பல்செட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் அந்தத் தெருவில் மூன்று நாளைக்குப் பால் திரிந்து போகும் என்று அவர் மனைவி சொல்வாள். அபாண்டம். இரண்டு நாள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பூங்காவில் வயிறு பிளந்து நிற்கும் ஒரு கிழட்டு மரத்தின் முன்னால் மண்டியிட்டபடி அவர் போட்ட கூச்சலில், பக்கத்துக் குளத்து வாத்துகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. பாதி வாத்துகள் இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி.

"ஆந்தையைக் காணோம்! எவனோ ஆந்தையைத் திருடிட்டான்!"

உயிருள்ள ஆந்தை இல்லை. ரப்பரில் செதுக்கிய முத்திரை. அந்த ஊரில் நாற்பது குடும்பங்களுக்கு முத்திரை வேட்டைப் பித்து. ஒருவர் ஒரு சின்ன டப்பாவில் தானே செதுக்கிய முத்திரை ஒன்றையும் ஒரு நோட்டையும் போட்டு, காட்டிலோ பூங்காவிலோ ஒளித்து வைப்பார். அதற்குப் போகும் வழியைக் குறிப்பாக எழுதி ஊருக்கு விடுவார். மற்றவர்கள் பிள்ளைகுட்டிகளோடு தேடிக் கண்டுபிடித்து, டப்பாவின் முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்வார்கள். தங்கள் குடும்ப முத்திரையை டப்பாவின் நோட்டில் குத்திவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. இதில் என்ன சண்டை வரும் என்று கேட்பவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்றே தெரியாது.

அன்று பத்து மணிக்கு நாற்பது குடும்பங்களும் கூடுகிற நாள். வருஷத்துக்கு ஒருவருடைய டப்பாவை எல்லாரும் சேர்ந்து தேடுவார்கள். இந்த வருஷம் பல்செட்டுக்காரருடைய முறை. பல் வார்க்கும் மெழுகைச் செதுக்குகிற அதே கத்தியால் மூன்று வாரம் உட்கார்ந்து செதுக்கிய ஆந்தை அது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விழும். நூற்றைம்பது பேர் வந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஆந்தை இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் எந்த வாயில் போய்ப் பல் கட்டுவது?

"கத்தாதீங்க. முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க," என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி குத்துவதற்கு முன்னால் பேசுகிற அந்தக் குரலிலேயே வீட்டிலும் பேசிப் பழகிவிட்டாள்.

உள்ளே ஒரு முத்திரை இருந்தது. ஆந்தை இருக்க வேண்டிய துணிப்பைக்குள், ஆந்தையின் கைப்பிடியைப் போலவே ஒரு கைப்பிடி. திருப்பிப் பார்த்தார். நத்தை.

அந்த நத்தையை அவருக்குத் தெரியும். அவரே செதுக்கியது. அக்கா குடும்பத்துக்காக, ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரே திரைச்சீலைக் கம்பை அறுத்து ஆந்தைக்கும் நத்தைக்கும் கைப்பிடி போட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான் எந்தக் கட்டடத்துக்கும் கூப்பிட்ட மூன்றாம் நாள்தான் போய்ச் சேருவார் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு நத்தை.

"அவங்க வேலைதான்! என் ஆந்தையை எடுத்துக்கிட்டு, 'நாங்கதான்டா எடுத்தோம், என்ன பண்ணுவே'ன்னு நத்தையை வச்சிட்டுப் போயிருக்காங்க! என்ன திமிரு!"

அக்காவோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். காரணம் சொன்னால் சிரிக்கக் கூடாது. அவர் எழுதிய குறிப்பு இது: "இரும்புக் கதவுக்கு முதுகைக் காட்டி நாற்பது தப்படி நட. இடப்பக்கம் வயிறு பிளந்த மரம். வயிற்றில் ஒரு கல். கல்லுக்குக் கீழே நான்." பல்செட்டுக்காரர் குள்ளம். அத்தானோ, ஏணி இல்லாமலே பல்பு மாட்டுகிற உயரம். அத்தான் நாற்பது தப்படி நடந்தார். மரத்தைத் தாண்டி, புதரைத் தாண்டி, சாக்கடை ஓடையில் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டார். மேலே வந்து எல்லார் முன்னாலும், "மச்சான், இது புதையலுக்குக் குறிப்பா, கொலைக்குக் குறிப்பா?" என்றார். ஊரே சிரித்தது. "மனுஷன் நடந்தா சரியாத்தான் வரும். ஒட்டகம் நடந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார் இவர். அத்தான் முகம் சுருங்கிவிட்டது. அக்கா நோட்டை நீட்டியபடி இருவரையும் பார்த்து வாயைத் திறந்தாள். இவர் திரும்பி நடந்துவிட்டார். நாற்பது சரியென்று அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரைக்கும் அந்தப் பாதையில் கால் வைப்பதில்லை, அந்தக் குடும்பத்துப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று இரண்டு சபதம். டப்பாவை அவ்வப்போது போய்ப் பார்த்து வர மகளை அனுப்பினார். இந்த வருஷம் தன் முறை வந்துவிட்டதால்தான் இன்று முதல் சபதத்தை உடைத்திருந்தார்.

அவர் நோட்டை விரித்தார். விரித்ததும் இரண்டாவது கூச்சல். திரும்பி வந்திருந்த வாத்துகளும் போயின.

நோட்டு நெடுக நத்தை. பக்கத்துக்குப் பக்கம் நத்தை.

"ஒரு டப்பாவுக்கு ஒரு குடும்பம் ஒரு தடவைதான் குத்தணும்! அதுதான் சட்டம்! இங்க பாரு... ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரலை நக்கி நக்கி எண்ணினார். "இருபத்திரெண்டு! என் நோட்டைத் தின்னே தீர்த்திருக்காங்க!" பிறகு மகளிடம் திரும்பினார். "ஏய் வக்கீலு! நீ வந்து பார்த்தியே, இதைச் சொல்லவே இல்லையே?"

பன்னிரண்டு வயது மகளுக்கு வக்கீல் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. "டப்பா இருக்கான்னு கேட்டீங்க, இருக்குன்னேன். நத்தை இருக்கான்னு கேட்டீங்களா? அதோட அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வேற."

மனைவி நோட்டை வாங்கி, ஒவ்வொரு நத்தைக்குப் பக்கத்திலும் இருந்த எழுத்தைப் படித்தாள். தேதியும் ஒரு வரியும். "பை கிழிஞ்சிருந்தது, மாத்தினேன்." "எறும்பு. தட்டிவிட்டேன்." "மழை. நோட்டைக் காய வச்சு எடுத்து வந்தேன்." "மை காஞ்சு போச்சு, புதுசு வச்சிருக்கேன்." கடைசியாக, மூன்று வாரத்துக்கு முன்னால்: "யாரோ வர்றாங்க. டப்பா நல்லா இருக்கு."

"என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்களேன்."

"திருடன் வீட்டுக் கணக்கை நான் ஏன் படிக்கணும்?" என்று நோட்டைப் பிடுங்கிப் பையில் திணித்தார். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். அக்காவின் வீடு பூங்காவுக்குப் பின்னால், ஐந்தாம் மாடி. கட்டடத்து லிஃப்ட்டில் அட்டை தொங்கியது: வேலை செய்யவில்லை. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை! பல்செட்டுக்காரருக்கு ஒரு கணம் சந்தோஷத்தில் கோபமே மறந்துவிட்டது. முதல் மாடிக்குள் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் மாடியில் அது இரண்டு மடங்கு, மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியதற்கும் சேர்த்து நாலு மடங்கு. ஐந்தாம் மாடிக் கதவை அவர் தட்டியபோது கீழ்வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் குலுங்கின.

அக்கா கதவைத் திறந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை அடக்கித் தழும்பேறிய தொண்டை.

"வாடா. இந்தக் கதவு எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"என் ஆந்தை எங்கக்கா?"

"என்ன ஆந்தை?"

"நடிக்காதே! உன் நத்தையை என் டப்பாவுல வச்சிட்டு என் ஆந்தையைத் தூக்கிட்டு வந்திருக்கே. திருட்டுக்கு விலாசம் வேற!" நத்தையை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அக்கா நத்தையைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய், ஆணியில் தொங்கிய தன் வேட்டைப் பையை எடுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தாள். நோட்டு, பேனா, மைப்பெட்டி. கடைசியாக உருண்டு வந்து நின்றது ஆந்தை.

"ஐயோ," என்றாள் அக்கா மெதுவாக. "கைப்பிடி ரெண்டும் ஒண்ணு போல இருக்கு. அன்னைக்கு இந்தப் பொண்ணு பாதையில வர்றதைப் பார்த்து அவசர அவசரமா மூடினேன்…"

"பார்த்தியா! ஒப்புக்கிட்டா!"

அவ்வளவுதான். அக்காவின் முகம் மாறியது. "என்னடா ஒப்புக்கிட்டேன்? மாத்தி வச்சிட்டேன், தப்பு. திருடின்னா சொல்றே? ரெண்டு வருஷமா உன் டப்பாவுல எறும்பு தட்டினது யாரு? பை மாத்தினது யாரு? நான் இல்லேன்னா உன் ஆந்தை பூசணம் பூத்துப் பூனையாயிருக்கும்! மாசாமாசம் போய்க் குத்திட்டு வந்தேனே, ஒரு தடவையாவது மூடியைத் திறந்து பார்த்தியாடா நீ?"

பதில் இல்லாதபோது கணக்குக் கேட்பது அவர் வழக்கம். "மாசாமாசமா? ரெண்டு வருஷத்துக்கு இருபத்தி நாலு வரணுமே. இருபத்திரெண்டுதானே இருக்கு? பொய்யாவது ஒழுங்காச் சொல்லு!"

"ரெண்டு மாசம் முட்டி ஆபரேஷன். நடக்க முடியலை."

கையில் நத்தையோடு பல்செட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான் ரத்தம் எடுத்தேன்," என்றாள் அவள், அதே ஊசிக் குரலில். "அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்கலை."

வந்த கோபம் போவதற்கு வழி தெரியாமல் அவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அக்காவை நோக்கிப் போனது, முட்டியைப் பார்த்துத் திரும்பியது. மனைவியை நோக்கிப் போனது, அங்கேயும் இடமில்லை. நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார் அத்தான்.

"அத்தான்!" கட்டடமே அதிர்ந்தது. "முட்டி ஆபரேஷன் பண்ணினவங்க அஞ்சு மாடி ஏறி இறங்கறாங்க. கீழ லிஃப்ட் செத்துக் கிடக்கு. நீங்க என்ன மெக்கானிக்கு? துண்டு கட்டறதுக்கா சம்பளம்?"

அத்தான் இரண்டு வருஷமாகப் பார்க்காத மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். அவர் உயரத்துக்கு இறங்கத்தான் பார்க்க முடியும். "அது வேற கம்பெனி லிஃப்ட்டு மச்சான். நான் தொட்டா என் வேலை போயிடும். நாலு மாசமா நானும் எழுதி எழுதிப் போடறேன். எனக்கு மட்டும் எரியலையா?"

"எந்தக் கம்பெனி? நம்பரைக் குடுங்க! நாளைக்குக் காலையில அவங்க போன் தீயணும்!"

"அப்பா, மணி ஒன்பதரை," என்றாள் வக்கீல்.

பல்செட்டுக்காரர் ஆந்தையை எடுக்கக் கையை நீட்டினார். அக்கா அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"சும்மா தரமாட்டேன். வேட்டைக்காரங்க ரெண்டு பேர் சந்திச்சா என்ன வழக்கம்?"

வழக்கம் அவருக்குத் தெரியும். ஒருவர் நோட்டில் மற்றவர் தம் முத்திரையைக் குத்த வேண்டும். ஓடைச் சண்டை நடந்த அன்று அவள் நோட்டை நீட்டியபோதுதான் அவர் திரும்பி நடந்தார். இப்போது அவள் நோட்டைப் பிரித்தாள். அந்தத் தேதியிட்ட பக்கம் இன்னும் காலி. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்துதான் மற்றவர்களுடைய முத்திரைகள் தொடங்கின.

"இப்படி மிரட்டி வாங்கறது..." என்று முணுமுணுத்துக்கொண்டே தன் குடும்ப முத்திரையை எடுத்தார். ஒற்றைக் கடைவாய்ப் பல். மையில் தோய்த்து, இரண்டு வருஷத்துக் கோபத்தையும் தோளில் ஏற்றி அழுத்தினார். மேசைக்கால் முனகியது. எடுத்துப் பார்த்தால் பல் இரண்டிரண்டாகத் தெரிந்தது; நாலு வேர், சுற்றிலும் மைக்குளம்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்னடா இது, சொத்தைப் பல்லு? ஒழுங்கா இன்னொரு தடவை குத்து."

"ஒரு தடவைதான் குத்தணும். சட்டம்."

"நான் இருபத்திரெண்டு குத்தியிருக்கேன். குத்துடா."

குத்தினார். இந்த முறை பல் சுத்தமாக விழுந்தது. அவருடைய மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டும் கூடவே விழுந்தது. ஐந்து மாடி ஏறிய வியர்வை என்று அவர் சொன்னார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

படி இறங்கும்போது அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் அவளுக்கு முன்னால், பின்பக்கமாக, அவளைத் திட்டிக்கொண்டே இறங்கினார். "மெதுவா வாயேன்! யாரு உன்னை விரட்டறா? மழையில எவனாவது போய் நோட்டைக் காய வைப்பானா? டப்பா போனா மயிரே போச்சுன்னு விட வேண்டியதுதானே!" அப்படி வாய் நிறையத் திட்டு வாங்கி இரண்டு வருஷமாகிறது அவளுக்கு. அவளும் விடவில்லை; "முன்னாடி பார்த்து இறங்குடா, விழுந்து தொலைச்சா உன் பல்லை யாரு கட்டறது?" என்றாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மகள் மட்டும் புதர் வழியாக ஓடி ஆந்தையையும் நோட்டையும் டப்பாவுக்குள் வைத்து, கல்லால் மூடிவிட்டு வந்தாள். இரும்புக் கதவுக்கு முன்னால் குடும்பங்கள் குவிந்திருந்தன. தோளில் பிள்ளை, கையில் பை, ஒவ்வொருவர் கையிலும் குறிப்புத் தாள். எல்லாரும் பல்செட்டுக்காரரையும் பக்கத்தில் நின்ற ஏணி உயரத்து அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பழைய கதை தெரியாதவர் அங்கே ஒருவருமில்லை.

பல்செட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"எல்லாரும் பேனாவை எடுங்க. குறிப்புல ஒரு திருத்தம். நாற்பது தப்படி." நிறுத்தினார். பல்லைக் கடித்தார், அவருடைய பல், சொந்தப் பல். "ஒட்டகமா இருந்தா முப்பத்தொண்ணு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பேனாக்கள் கிறுக்கின. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மச்சானை நோக்கிக் குனிந்தார்.

"முப்பத்திரெண்டு."

"என்னது?"

"முப்பத்திரெண்டு மச்சான். ஓடையில விழுந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"குறிப்பு எழுதினவன் நான்! முப்பத்தொண்ணு!"

"நடந்தே காட்டறேன், வாய்யா!"

"நடங்க! நான் எண்ணறேன்! காலை அகட்டாம நடங்க!"

நூற்றைம்பது பேரும் வழி விட்டார்கள். அத்தான் இரும்புக் கதவுக்கு முதுகைக் காட்டி முதல் தப்படியை எடுத்து வைத்தார். பல்செட்டுக்காரர் ஈடுகொடுக்கக் குட்டிக் குட்டித் தப்படியாகப் போட்டுக்கொண்டு, கத்தி எண்ணியபடி பக்கத்திலேயே ஓடினார். பின்னால் அக்கா, தம்பி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓடை வருவதற்குள் இரண்டு பேரையும் நிறுத்தச் சொல்லி வேனில் கத்துகிற குரலில் கத்திக்கொண்டே போனாள்.