முதல் தர முகப்பு

கோர்ட்டு வராந்தாவில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு டைல் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒருமுறை தடுக்கினார்கள். குமாஸ்தா ஒருவர் கட்டுக் காகிதத்தோடு தடுக்கி, சமாளித்துக்கொண்டு, யாரையோ திட்டிவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கீழே நிறையச் சிமெண்டு போடாமல் நாலு மூலைக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தான் எவனோ. பக்கத்து டைலையும் தட்டினான். அதுவும் அதே கதைதான்.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன். பேரு கூப்பிடுற நேரம்," என்றாள் மனைவி.

வந்து உட்கார்ந்தான். கை நமநமத்தது. ஐந்தாவது வாய்தா இது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனுக்கு ஒரு நாள் வேலை போயிற்று, பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் அவளுக்கும் ஒரு நாள் போயிற்று.

டைல்ஸ் ஒட்டும் வேலை இடங்களில் அவனை ரசமட்டம் என்பார்கள். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி கையில் இல்லாமலே அவன் கண் அதைச் சொல்லிவிடும். மச்சினன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் தண்ணீர் வடியாத பாத்ரூமைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவான். "சோறு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, தரைய அப்புறம் பாக்கலாம்" என்று மச்சினன் கிண்டல் செய்வான்.

அவன் சொந்த வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். பதினோரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. உள்ளே இன்னும் பூசாத சுவர் இருக்கிறது. ஆனால் தெருப் பக்கச் சுவரை அவன் தன் ஆசைக்குச் செய்திருந்தான். பெரிய வீடுகளில், ஒரு வங்கியில், ஒரு ஓட்டலில் வேலை முடிந்து குப்பையில் கொட்டப்போன துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். கறுப்புக் கல், வெள்ளைக் கல், நீலத்தில் ஓர் எட்டு டைல். நீல டைலை மட்டும் முழுசாக விட்டு, மற்றதையெல்லாம் விரல் அகலத்துக்கு அறுத்து, தேய்த்து, இணைப்பே தெரியாமல் பதித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்ததால் இரண்டு வருஷம் பிடித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அதைப் பார்த்தே நாலு வீட்டு வேலை அவனுக்கு வந்தது.

ஐந்தாவதும் அப்படித்தான் வந்திருக்கிறது என்று நினைத்தான். தோளில் பையோடு ஒருவர் வந்து நின்று, சுவரை விரலால் தடவிப் பார்த்தார். ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். எந்த ஆபீஸ் என்று இவன் கேட்கவில்லை. ஆபீஸுக்குத் தரை போட ஆள் தேடுகிறார் என்று எடுத்துக்கொண்டான். இதுமாதிரி ஒரு சுவர் செய்ய என்ன ஆகும் என்று அவர் கேட்டதும், நாற்காலி போட்டு, மனைவியை டீ வைக்கச் சொல்லிவிட்டு, உசத்திக் கல்லுக்கும் உசத்தி வேலைக்கும் உள்ள ரேட்டை மளமளவென்று சொன்னான். குறைத்துச் சொன்னால் வேலையையும் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்பது தொழிலில் கற்ற பாடம். அவர் எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். சந்தோஷமாகப் போட்டான். வீட்டை அளக்கும்போது டேப்பின் இன்னொரு நுனியைப் பிடித்ததும் அவன்தான்.

நாற்பது நாள் கழித்து நகராட்சியிலிருந்து வீட்டு வரி நோட்டீஸ் வந்தது. முதல் தர முகப்பு, ஆடம்பர வகை. பழைய வரியைப் போல ஆறு மடங்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் புரிந்தது. கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து மேல்முறையீடு போட்டார்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்கள். ஜட்ஜ் அந்தப் பழைய காகிதத்தைத்தான் முதலில் எடுத்தார்.

"உங்க கையெழுத்துதானே இது?"

"ஆமாங்க ஐயா. ஆனா அது வேலைக்குச் சொன்ன ரேட்டு. எனக்கு ஆன செலவு இல்லைங்க. எல்லாம் மிச்சம் விழுந்த துண்டுங்க."

ஜட்ஜ் சுவரின் போட்டோவைக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "துண்டுன்னு பாத்தா தெரியலையே."

"தெரியக் கூடாதுங்க ஐயா. அதுதானே வேலை."

சொல்லும்போது அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீலம்மா சட்டென்று எழுந்து, நேரில் பார்த்து அறிக்கை தர ஒருவரை அனுப்பவேண்டும் என்று கேட்டார். ஜட்ஜ் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை ஆள் வருவார், அவர் எழுதுவதை வைத்து முடிவு.

வெளியே வந்ததும் வக்கீலம்மா விவரமாகச் சொன்னார். வாய்ப் பேச்சு இனி எடுபடாது. கல்லெல்லாம் கழித்துப் போட்டது என்று வேலை கொடுத்த காண்ட்ராக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லையென்றால் அவர் கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார்.

அன்றைக்கே காண்ட்ராக்டரைத் தேடிப் போனான். பதினாறு வருஷம் வேலை பார்த்த இடம். காண்ட்ராக்டர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், விஷயத்தைக் கேட்டதும் டீயை மறந்துவிட்டார்.

"மிச்சம்னு எப்படிப்பா எழுதுறது? அளவுக்கு மேல கல்லு வாங்கிக் கணக்குல ஏத்திட்டியான்னு வீட்டுக்காரங்க என் சட்டையப் பிடிப்பாங்க. வேற என்ன வேணும்னாலும் கேளு."

வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று சுவரைப் பார்த்தான். சாயங்கால வெயிலில் நீல டைல் எட்டும் பளிச்சென்று இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"பேத்துடலாம்," என்றாள் மனைவி. கடிதம் கிடைத்ததா என்று அவள் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஒரு துண்டு கூட முழுசா வராது."

"வீடு முழுசா இருக்கட்டும்."

அவன் உள்ளே போனான். சட்டையைக் கழற்றி மாட்டினான், திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டான், தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தான். அவளும் வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமை காலையில் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். ஓரத்தில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்தால் மற்றது தானாக நெகிழும் என்று கணக்குப் போட்டான். நெகிழவில்லை. தட்டிப் பார்த்தான். எங்கேயும் அடி காலியான பொள்ளல் சத்தம் இல்லை. விரலிடுக்கு விடாமல் சிமெண்டு நிரப்பி ஒட்டியவன் அவன்தான். ஒவ்வொரு கல்லும் உடைந்துதான் வந்தது, வரும்போது பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மனைவி கம்பெனிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளைச் சாக்கில் அள்ளினாள். மூன்றாவது மணி நேரத்தில் அவன் உள்ளங்கை கொப்பளித்தது.

மத்தியானம் மச்சினன் ஆட்டோவில் அந்தப் பக்கம் வந்தான். வழக்கம்போல ஏதோ கிண்டலோடுதான் வண்டியை நிறுத்தினான். சுவரைப் பார்த்ததும் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டான். இறங்கி வந்து இன்னொரு சுத்தியலை எடுத்து நீலத்தின் பக்கம் போனான்.

"அத விடு. அத நான் எடுத்துக்கிறேன்," என்றான் ரசமட்டம்.

எட்டில் ஒன்றாவது முழுதாக வரும் என்று நம்பினான். கத்தியை விட்டுச் சுரண்டினான், தண்ணீர் ஊற்றி ஊறவைத்தான், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் செலவழித்தான். எட்டாவதும் குறுக்கே விண்டபோது அவனுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோர்ட்டு அனுப்பிய ஆள் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பூசாத சுவரையும் பார்த்தார், சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாததையும் பார்த்தார். மனைவிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு வெளியே வந்து முகப்புக்கு முன்னால் நின்றார். சுவர் முழுக்க உளி பட்ட காயம். ஓரத்தில் மூன்று சாக்குக் கல்.

"பழசப் பூரா எடுத்துட்டீங்க போலிருக்கு. புதுசா என்ன போடப் போறீங்க?"

"ஒண்ணும் போடலைங்க," என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, இந்த மாதிரிப் பதில்களை நிறையக் கேட்டுப் பழகின சிரிப்பு.

"டைல்ஸ்காரர் வீடும்மா இது. வெறும் சுவரா விடுறதுக்கா இவ்வளவு சுத்தமாப் பேத்தெடுப்பாரு?"

வெறுமனே விடத்தான் பேர்த்தேன் என்று ரசமட்டம் சொன்னான். வரிக்குப் பயந்துதான் என்றும் சொன்னான். அப்படியானால் அதையும் எழுதவேண்டி வரும், சாட்சியத்தை அழித்ததாகிவிடும், பரவாயில்லையா என்று அவர் நிதானமாகக் கேட்டார். மனைவி அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அவர் எழுதி முடித்து, விதிப்படி வாசித்துக் காட்டினார். முகப்பை மேம்படுத்தும் பணி நடைபெறுகிறது, முன்பிருந்ததைவிட உயர்ந்த தரம் எதிர்பார்க்கப்படுகிறது.

பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

"இந்த நுனியக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

ரசமட்டம் வாங்கிக்கொண்டான். கொப்பளம் வெடித்த கட்டைவிரலால் நுனியைச் சுவரின் மூலையில், கல் பிய்ந்த இடத்தில், அழுத்திப் பிடித்தான். அவர் பின்பக்கமாகவே நடந்து அடுத்த மூலைக்குப் போனார். டேப் நடுவில் லேசாகத் தொய்ந்தது.

"சரியா இருக்கா?" என்று அவர் அங்கிருந்து கேட்டார்.

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"உங்க பக்கம் அரை விரல் தூக்குங்க சார்," என்றான். "இப்ப இழுத்துப் பிடிங்க."