கிணற்றடியில் ஒரு பெஞ்சு

பேத்தி பிறந்த வீட்டில் இனிப்பைவிடச் சண்டைதான் அதிகம் பரிமாறப்பட்டது. அம்மாவைப் பெற்ற தையல்காரருக்கு மூன்றெழுத்தில் ஒரு பேர் வைக்க ஆசை. அவருடைய சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக். அவர் ஆசைப்பட்ட பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் குழந்தை நடை பழகித் தெருமுனை வரை போய்விடும். பெற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "பூதக்கோட்டை ஆடித் தீத்துக்குங்க. ஜெயிச்சவர் வைக்கிறதுதான் பேரு" என்று சொல்லிவிட்டார்கள்.

பூதக்கோட்டை கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒருவர் ஊரைக் கட்ட வேண்டும். மற்றவர் பூதப்படையோடு வந்து இடிக்க வேண்டும். ஊர் தையல்காரருக்கு விழுந்தது, பூதங்கள் சம்பந்திக்கு.

கட்டுமானப் படங்களின் கடைசி மூலையில் ஒரு பெஞ்சு இருந்தது. எவ்வளவு மரம் பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். என்ன பலன் என்று போடவில்லை.

"அது சும்மா அழகுக்கு, சம்பந்தி" என்று போனில் சிரித்தார் மெக்கானிக். "மரத்தையெல்லாம் மதில்ல போடுங்க. இல்லேன்னா என் பசங்க உங்க ஊரைத் தூள் பண்ணிடுவாங்க."

தையல்காரருக்கு மனசு ஆறவில்லை. பொத்தான் வராத இடத்தில் எந்தப் பைத்தியக்காரன் காஜா எடுப்பான்? வேலை மெனக்கெட்டு ஒருத்தன் பெஞ்சு வரைந்திருக்கிறான் என்றால் உள்ளே ஏதோ சூட்சுமம் இருக்கிறது.

வெட்டிய துணியை மேசையிலேயே போட்டுவிட்டு, பழகுகிற ஆட்டத்தில் பெஞ்சை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மதிலோரம் போட்டார், காவல்காரன் படுத்துத் தூங்கினான். சந்தையில் போட்டார்; ஆடு ஏறி நின்றது. கிணற்றடியில் போட்டார், தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. வழியோடு போன ஓநாய் ஒன்று நின்று, காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியது. ஊர் ஜனத்தொகையில் ஒன்று கூடிவிட்டது.

"அட!" என்றார் தையல்காரர்.

போட்டி நாளன்று இருந்த மரம் முழுவதும் கிணற்றடி பெஞ்சுகளாயிற்று.

"மதிலே காணோமே சம்பந்தி! கதவாவது போட்டீங்களா?"

"எதுக்கு? வர்றவங்களுக்கு வீண் சிரமம்."

பூதப்படை கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. முதல் பூதம் கிணற்றடியில் கதையை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்தது. அதை இழுத்துப்போக வந்த பூதமும் உட்கார்ந்தது. "எழுந்திருங்கடா, தடிமாடுங்களா!" என்று மெக்கானிக் மௌஸைத் தட்டித் தட்டி விரல் வீங்கியதுதான் மிச்சம். பொழுது சாய்வதற்குள் பூதங்கள் அத்தனையும் ஊர்க்காரர்கள். படைத்தலைவர் குடத்தோடு வரிசையில் நின்று, யார் கடைசி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் நிலைத்தது என்று திரை சொன்னது.

"பேரு உங்களோடதுதான், ஒத்துக்கறேன்" என்றார் மெக்கானிக். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. அங்க அப்படி என்னதான் பேசிக்கிறாங்க?"

"அதைத்தான் நானும் பாக்கறேன் சம்பந்தி. மௌஸைப் பக்கத்துல கொண்டுபோனா பேச்சை நிறுத்திடறாங்க."

போனில் பெருமூச்சு கேட்டது. "சரி, பேரைச் சொல்லுங்க."

தையல்காரர் சொன்னார்.

மெக்கானிக் இரண்டு தரம் வாய்க்குள் கூப்பிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்ல நான் சொன்ன பேருன்னு சொல்லிக்கறேன். காட்டிக்குடுத்துடாதீங்க."