டைம் கீப்பருக்கு முன்னால்

மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு எட்டு புள்ளி நான்கு வந்தது. டாக்டர் கஸ்தூரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையோடு நடையையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டு மூன்று மாதத்தில் எட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னார். வராவிட்டால் தினமும் ஊசி.

விருதுநகர் மாவட்டத்திலேயே என்னைப் போல ஊசிக்குப் பயந்த ஆள் கிடையாது. நூல் மில்லில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன், மேஸ்திரி, என் குரலுக்கு எந்திரங்களே பயந்து ஒழுங்காக ஓடும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை காய்ச்சலுக்கு ஊசி போட வந்த நர்சைப் பார்த்து நான் எடுத்த ஓட்டம் பாலவனத்தம் போய்த்தான் நின்றது. திரும்பி வர டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவேண்டியிருந்தது.

அதனால் மறுநாளே நடக்கக் கிளம்பினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால், பாளையம்பட்டி போகிற வழியில் ஒரு மைதானம். காலை ஐந்து மணிக்குப் போனால், எனக்கு முன்னால் ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். ராஜகுரு. எங்கள் மில்லின் டைம் கீப்பர். நான் மில் கேட்டுக்குள் ஒரு நிமிஷம் பிந்தி நுழைந்தாலும், கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாரே, அதையே அன்றும் சொன்னார்.

"லேட்டு, மேஸ்திரி."

ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆன மனுஷனைப் பார்த்துச் சொல்லுகிற சொல்லா அது? மறுநாள் நாலே முக்காலுக்குப் போனேன். அவர் நாலரைக்கே வந்திருந்தார். நான் நாலே காலுக்குப் போனேன். அவர் நாலுக்கு. வாயால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இரண்டு கிழவர்களும் பொழுதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனோம். இரண்டாம் மாசம் நான் மூன்றே காலுக்கு மைதானத்தில் நின்றேன். அந்த நேரத்தில் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து, இவர்களுக்கு வீடு இல்லைபோல என்று மறுபடி படுத்துக்கொண்டன. ஒருநாள் ரோந்துக்கு வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி எங்கள் இருவரிடமும் ஆதார் அட்டை கேட்டார்.

இவ்வளவையும் நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். நான் எழும்போதெல்லாம் கனகலட்சுமியும் எழுந்தாள்.

என் மனைவி காலை எட்டரை பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளை மேய்க்கிறவள். இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. நான் மில்லில் இருந்தபோது பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். எந்த வாரமானாலும் தூக்குவாளி நிரம்பாமல் நான் படி இறங்கியதில்லை. அந்தப் பழக்கத்தில், நான் நடக்கப் போவதற்கு அலாரம் வைத்தால் அவள் கம்பு இடிப்பதற்கு எழுந்துகொண்டாள். சர்க்கரைக்காரனுக்கு என்று தனியாகக் குதிரைவாலி, முளைகட்டிய பயறு, வெந்தயக்கீரை. மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மிக்சி போட்ட சத்தத்தில் எம்.ரெட்டியபட்டிக்காரர்கள் எழுந்து காட்டுவேலைக்குப் போயிருப்பார்கள்.

படுத்துக்கோயேன் என்று நான் சொன்னது உண்டு. செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வேன். அவள் காதில் விழுந்ததா என்று நின்று பார்த்தது கிடையாது. எனக்கு முன்னால் ராஜகுரு போய்விடுவாரே.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். கனகமும் கூட வந்தாள். நான் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். எட்டு புள்ளி ஏழு.

லேப்பில் ஆள் மாறிப் போயிருக்கும் என்றேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார், ஒரு பட்டியலே ஒப்பித்தேன். நடக்கிறேனா என்றார், இதுவரை நடந்ததை ஒரே நேராக நடந்திருந்தால் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பேன் என்றேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்றார். இரவு சீரியல் முடியப் பத்தரை ஆகும், மூன்றுக்கு முன்னால் எழுந்துவிடுவேன் என்று மார்தட்டினேன். தூக்கம் குறைந்தால் சர்க்கரை இறங்காது, ஏறத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

கனகம் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்க எத்தன மணிக்கு எந்திரிக்கிறாங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"நான் எந்திரிக்கும்போது."

"எத்தன வருசமா?"

வாயில் பொய் எதுவும் வரவில்லை. முப்பத்தியொரு வருஷம் என்றேன். எனக்கு ஷிப்ட் மாறுகிறது என்று மில்லில் எல்லோரும் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். முழு நைட் முடித்து வந்து நான் பகலில் போர்த்திக்கொண்டு தூங்குவேன். அந்தப் பகலில் அவள் எப்போது தூங்கினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்தில் ஒரு பகல்கூட அகப்படவில்லை.

இன்னும் மூன்று மாதம், இதுதான் கடைசி என்றார் டாக்டர்.

மறுநாள் ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனேன். ராஜகுரு வாட்ச் கட்டாத வெறும் மணிக்கட்டையே பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

"லேட்டுதான். இனிமே தினமும் லேட்டாத்தான் வாரேன். எழுதிக்கோங்க."

அவர் மைதானத்து ஓரத்தில் கிடந்த சிமெண்ட் பெஞ்சைக் கையால் காட்டினார். பிறகு, மூன்று மணிக்கு வந்து அந்தச் சிமெண்ட் பெஞ்சில் தூங்கிவிட்டு, என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து குனிந்து நிமிர்ந்ததாகச் சொன்னார். பாவி மனுஷன்.

நடை சரியாகிவிட்டது. வீடுதான் வழிக்கு வரவில்லை. சமையலைச் சாயங்காலத்துக்கு மாற்றி என் கைக்குக் கொண்டுவந்தேன். கம்பைச் சாயங்காலமே உடைத்துக் காய்ச்சி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். அடுப்பே வேண்டாம். பயறு ஈரத்துணியில் தானாக முளைக்கும். அவளுடைய மதியச் சாப்பாட்டுக்குக் காயை அரிந்து டப்பாவில் போட்டு வைத்தேன். முதல் நாள் கஞ்சியில் விழுந்த கட்டிகளை வைத்து ஒரு கிரிக்கெட் டீம் ஒரு சீசன் முழுக்க விளையாடியிருக்கலாம். கனகம் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, இதைத் தின்றால் சர்க்கரை இறங்கும், பல்லும் சேர்ந்து இறங்கும் என்றாள்.

ஆனாலும் மூன்று மணி ஆனால் எழுந்துவிடுவாள். வேலை எதுவும் இல்லாத அடுப்படியில் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்பாள். ஒருநாள் போய்க் கேட்டேன்.

"இங்க என்னத்தத் தேடுற?"

"ஒண்ணுமில்ல. எந்திரிக்கலேன்னா நீங்க வெறும் வயித்தோட போயிருவீகளோன்னு நெஞ்சு படக்குன்னு அடிக்குது. நான் என்ன செய்ய?"

படுத்துக்கொள் என்று சொல்லிப் பிரயோசனமில்லை, அதை வாழ்நாள் முழுக்கச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னவன் நான். அதனால் திரும்பி வந்து நான் படுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். பொய்க் குறட்டைதான், ஆனால் லாரி லோடோடு மேட்டில் ஏறுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்தது. அவள் வந்து படுத்தாள். அவளும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்படி ராத்திரிக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தோம். எந்த ராத்திரியில் பொய் போய் நிஜத் தூக்கம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் முழிப்பு வந்து பார்த்தால் மணி ஐந்தேகால். பக்கத்தில் கனகம் சுருண்டு படுத்து, எனக்குப் போட்டியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் எழவில்லை. அன்றைக்கு மைதானத்துக்கு ஆறு மணிக்குத்தான் போனேன்.

மூன்றாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபோது ஒரு புட்டி நிறைய உறிஞ்சினார்கள் என்று வெளியே சொல்லிவைத்திருக்கிறேன். சாயங்காலம் இருவரும் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தோம். கனகம் முழுசாக விழித்திருந்தாள். டாக்டர் காகிதத்தைப் பிரிப்பதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது.

"ஏழு புள்ளி ஆறு. ஊசி வேண்டாம்" என்றவர், நிமிர்ந்து பார்த்து, "அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

சொல்வதற்கு என்று மூன்று மாதமாக ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். திருச்சுழி வரை ஓடியே போய் வந்ததும், தண்டால் ஐந்நூறும் அதில் இருந்தன. கனகம் நான் எதை அவிழ்த்துவிடப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுத்தே கெடந்தோம், டாக்டரம்மா" என்றேன்.

மேசைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஊசி அதில் பாதிகூட வலிக்காது.