இரண்டாவது ஆள்

கூட்ட அறையின் ஏசி காலையிலிருந்தே முக்கி முனகிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒரேயடியாக நின்றுபோனது. மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி அம்மா ஒப்பந்த நகலாலேயே விசிறிக்கொண்டார். இந்தப் பக்கம் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த மூன்று பேருமே அந்த அரசு ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவு ஆட்கள். ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்த அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் எழுந்தான். அவனை எல்லோரும் கரண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவான். அப்படியே கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்து, நாற்காலியில் ஏறி மூடியைத் திறந்து எதையோ முறுக்கினான். இறங்கி ஸ்விட்சைப் போட்டதும் குர்ரென்று காற்று வந்தது.

"நீங்க இருந்தா எல்லாம் தானா ஓடுது போங்க," என்றார் அதிகாரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பம்ப் மெக்கானிக் வால்வுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெட்டியில் ஒயர் தளர்ந்திருக்கிறது என்று போன வாரம் சொன்னதே அவன்தான். சொன்னவனை யார் நினைக்கிறார்கள்? முறுக்கினவனுக்குத்தான் பேர்.

வால்வு என்பது ஆட்கள் வைத்த பேர். திறந்தால் மூடமாட்டான், மூடினால் திறக்கமாட்டான் என்பது விளக்கம். அது அவனுக்கும் தெரியும். கரண்ட் அவனுக்குச் சகலை. வால்வு அக்காவைக் கட்டியவன், கரண்ட் தங்கையைக் கட்டியவன். ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் பலகையில் பார்த்து, விண்ணப்பம் வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் கொடுத்ததே வால்வுதான். கொடுத்த கையை இப்போது அவனே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று ஒப்பந்தங்களை வால்வுதான் பேசி முடித்தான். இந்தத் தடவை யார் பேசுவது என்று சங்கத்தில் தேர்தல் வைத்தார்கள். கரண்டிடம் ஏழு ஓட்டில் மண்ணைக் கவ்வினான். ஏழு! அதில் ஒரு ஓட்டு தச்சருடையது என்பது அவன் கணிப்பு. அந்தத் தச்சர்தான் இப்போது மூன்றாவது ஆளாக இடது பக்கம் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர்போல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. வீட்டில் கேட்ட பேச்சுதான் தாங்கவில்லை. "என்ன இருந்தாலும் தங்கச்சி வீட்டுக்காரர் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம். உங்களுக்குக் கோபம்தான் முதல்ல வருது," என்று மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கட்டினவளே ஓட்டுப் போடவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்காரன் எங்கே போடப்போகிறான்?

கோரிக்கைப் பட்டியலில் பன்னிரண்டு இருந்தது. எட்டு வரை வழுக்கிக்கொண்டு போனது. சம்பளம், லீவு, சீருடை என்று ஒவ்வொன்றையும் கரண்ட் சிரித்துச் சிரித்தே வாங்கினான். அதட்டவில்லை, மேசையைத் தட்டவில்லை. அதிகாரி அம்மாவின் மூட்டு வலியைக்கூட நடுவில் விசாரித்தான். இதெல்லாம் ஒரு பேச்சா என்று வால்வு பல்லைக் கடித்தான். ஆனால் அதுதான் வேலைக்கு ஆகிறது என்பதும் கண்முன்னால் தெரிந்தது. அது இன்னும் எரிந்தது.

ஒன்பதாவது கோரிக்கை வால்வு பெற்ற பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கழிவுநீர் பம்ப் குழி இருக்கிறது. இரும்பு மூடி, கீழே இறங்கப் பன்னிரண்டு படி, உள்ளே மூச்சை முட்டுகிற காற்று. அதில் எந்த வேலைக்கும் தனி ஆள் இறங்கக்கூடாது, மேலே இரண்டாவது ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றே ஆக வேண்டும் என்பது கோரிக்கை. மூன்று ஒப்பந்தத்திலும் கேட்டான், மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவனே எட்டாம் படியில் தலை சுற்றி விழுந்து, கால் மடங்கி, நாற்பது நிமிடம் கிடந்தான். கத்தினான். மேலே யாருமில்லை.

அதற்கப்புறம்தான் நோட்டுப் போட்டான். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுத அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. மனுஷன் எத்தனை நேரம் உள்ளே இருந்தான் என்று எழுத ஒன்றுமில்லை. வால்வு நாலு பத்தி கோடு போட்டான். ஆள், இறங்கிய நேரம், ஏறிய நேரம், மேலே நின்றது யார். யார் இறங்கினாலும் கேட்டு எழுதினான். மயக்கம், வழுக்கல், கை நசுங்கல் எல்லாம் அதில் இருந்தது. ஆட்களிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தான். நாலாவது பத்தியில் பக்கம் பக்கமாக 'யாருமில்லை' என்றே இருந்தது.

நேற்று கரண்ட் பம்ப் ரூமுக்கே வந்து, "அண்ணே, அந்த நோட்டு வேணும். அது இருந்தா ஒம்போதை வாங்கிடலாம்," என்று கேட்டான்.

"வீடு மாத்தினப்போ எங்கயோ போயிடுச்சுப்பா," என்றான் வால்வு. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினொரு வருடம் கோடு போட்டு எழுதியது ஒருத்தன். அதைத் தூக்கிக் காட்டி மாலை வாங்கிக்கொள்ள இன்னொருத்தனா?

"பதிவு இருக்கா?" என்று இப்போது அதிகாரி கேட்டார். "தனியா இறங்கினதால யாருக்கு என்ன ஆச்சு? ஆபத்து ஆபத்துன்னு வாயால சொல்றதை வச்சு மேலிடத்துக்கு என்னால எழுத முடியாது. காகிதத்துல காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நோட்டு வால்வின் காலடியில், டிபன் பாத்திரத்துக்கு அடியில், பைக்குள் இருந்தது. ஏன் எடுத்துவந்தான் என்று அவனுக்கே தெரியாது. காலையில் கை அதைப் பைக்குள் வைத்தது, அவ்வளவுதான்.

மேசையில் சங்கத்துக்கு ஒரே வாய்தான் என்பது வழக்கம். மற்றவர்கள் பேசக்கூடாது, சீட்டெழுதி நகர்த்தலாம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் வால்வுதான். ஒரு காலத்தில் தச்சரின் வாயை அடைக்கச் செய்த ஏற்பாடு. இப்போது எடுத்தாலும் நோட்டைக் கரண்ட் பக்கம்தான் நகர்த்த வேண்டும். அவன்தான் புரட்டுவான், அவன்தான் வாசிப்பான். அதோடு, தொலைந்த நோட்டு எப்படி வந்தது என்று தச்சர் கேட்காமல் விடுவாரா? கரண்ட் திரும்பி அவனைப் பார்த்தான். வால்வு ஏசியைப் பார்த்தான்.

கரண்ட் தன் முன்னால் இருந்த காகிதங்களை இரண்டு தடவை புரட்டினான். கடைசியில் அதிகாரி, "இயன்றவரை இருவர்னு போட்டுக்கலாமே," என்றார். கரண்ட் தலையைக் குனிந்து சரி என்றான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வராந்தாவில் கரண்ட் அவன் தோளைத் தொட்டான். "ஒம்போதைக் கோட்டை விட்டுட்டேண்ணே. நீங்க பேசியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

வால்வுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். சுவரைப் பிடித்துக்கொண்டு அனுபவித்தான். அதுவும் ஐந்து நிமிடம்தான் நிலைத்தது. வெளியே காத்திருந்த ஆட்கள் கரண்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். ஒன்பதைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "லீவெல்லாம் கூட்டி வாங்கிட்டாராமே! தங்கச்சி போன் பண்ணினா. அவளுக்குத் தலைகால் புரியல," என்றாள் மனைவி. சே, தோற்றும் ஜெயிக்கிறானே பாவி!

ஒன்பது நாள் போனது. அன்று மதியம் இரண்டு மணிக்கு வால்வின் ஷிப்ட் முடிந்தது. கை கழுவி, சட்டை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழியில் போனான். குழி மூடி திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காக, ஜோடி சேர்த்து.

சூப்பர்வைசர் தூரத்தில் நின்றபடியே, "மோட்டார் ட்ரிப் ஆகி நின்னுடுச்சுப்பா. ஆள் இல்ல. இயன்றவரைன்னுதானே போட்டிருக்கு, இன்னிக்கு இயலல," என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார்.

தனியாக இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டு இறங்குவான். கம்பி என்ன செய்யும்? கூப்பிட்டால் ஏன் என்று கேட்குமா? வால்வு இரண்டடி நடந்தான். நின்றான். அவனாச்சு, அவன் வாங்கின ஒப்பந்தமாச்சு என்று சொல்லிப் பார்த்தான். கால் நகரவில்லை. எட்டாம் படியின் துரு நாற்றம் மூக்கில் வந்தது. திரும்பி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தான்.

கீழே கயிறு ஆடியது தெரிந்திருக்க வேண்டும். "யாரு?"

"நான்தான்."

"அண்ணே! ஷிப்ட் முடிஞ்சு போச்சே, வீட்டுக்குப் போகலையா?"

"நீ வேலையைப் பாரு."

ஸ்பானர் உரசும் சத்தம் வந்தது. பிறகு, இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பும் இருமலுமாகக் குரல்: "அந்த நோட்டு மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா, இப்ப நீங்க சம்பளத்தோட நின்னுக்கிட்டிருப்பீங்க!"

கிண்டலில் குத்தலே இல்லை. அதுதான் வால்வைக் குத்தியது. கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா இவன்? அதில்கூடத் தன்னைவிட நல்லவனாகத்தான் இருக்க வேண்டுமா?

"எப்ப இறங்கினே?" என்று கேட்டான்.

"ரெண்டு அடிக்க அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. ஏண்ணே?"

"சும்மாதான்."

கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் பையைத் துழாவினான். நோட்டைத் தரையில் விரித்து வைத்துப் பென்சிலால் எழுதினான். கரண்ட். ஒன்று ஐம்பத்தைந்து. ஏறிய நேரம் எழுத இடம் விட்டான். நாலாவது பத்தியில் பென்சில் பழக்கத்தில் 'யா' என்று தொடங்கிவிட்டது. நிறுத்தினான். அதை அடித்தான். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

"இருக்கியா?" என்று குழிக்குள் குனிந்து கேட்டான்.

ஸ்பானர் சத்தமும் நின்றிருந்தது.

"டேய், இருக்கியாடா?"

"இருக்கேண்ணே, இருக்கேன். முடிஞ்சுது, ஏறப்போறேன். கொஞ்சம் தலை சுத்துது, கயித்தை இழுத்துப் பிடிங்க."

பென்சில் கையிலிருந்து உருண்டது. வால்வு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக் காலை ஊன்றிக்கொண்டான். படியில் காலடி விழுந்தது. ஒன்று. இரண்டு. கயிறு ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் தளர, அவன் கொஞ்சம் இழுத்தான். நோட்டு செருப்புக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. காற்று பக்கங்களைப் புரட்டியது. அதை எடுத்துப் பைக்குள் போட வேண்டுமென்றால் ஒரு கையை விட வேண்டும். ஏழு. எட்டாம் படியில் காலடி நின்றது. கயிறு கனத்தது. வால்வு பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தான். ஒன்பது. பத்து. இருட்டிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. ஈரமான அந்தக் கை பிடிக்க இடம் தேடித் தரையில் தடவி, நோட்டின் மேல் பதிந்தது.