கட்டில் எந்தக் கவுண்டியில்

எல்மெர் சந்தோவாலுக்கு வயது இருபத்து மூன்று. ஒண்டூராஸிலிருந்து வந்தவன், லின்டேல் கவுண்டியின் தெற்குக் கோடியில் அக்கா தில்சியா வீட்டில் இருக்கிறான். அமெரிக்காவில் மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள்; ஆற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சின்னக் கவுண்டி அது. வடக்கே புல் வெட்டிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்றவர்கள். தெற்கே அவனைப் போல வந்தவர்கள், வீடு நிறையப் பிள்ளைகள். கவுண்டி எல்லை தில்சியாவின் சமையலறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் போகிறது. ஷெட், பக்கத்துக் கவுண்டி.

பிள்ளை எங்கே தூங்குகிறதோ அந்தக் கவுண்டியின் பள்ளிக்கூடத்தில்தான் இடம். அக்கா மகள் அர்லின் எங்கே தூங்குகிறாள் என்று பார்க்க, பள்ளியிலிருந்து ஹேவர்லி என்ற அம்மாள் வருவதாக இருந்தது.

"இத்தனை பேர் இருக்கோம்னு தெரிஞ்சா வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்கடா. கட்டிலையெல்லாம் எங்கயாவது ஒளிச்சு வை" என்றாள் தில்சியா.

எல்மெர் ஏற்கெனவே பயந்தவன். எல்லாக் கட்டிலையும் ஷெட்டில் அடுக்கிவிட்டான்.

ஹேவர்லி காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். "பாப்பா, உன் கட்டில் எங்க?"

அர்லின் ஷெட்டைக் காட்டினாள்.

"அது பக்கத்துக் கவுண்டியாச்சே."

தில்சியா தம்பி பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தாள். "ஒளிச்சு வைடான்னா, எல்லை தாண்டியா கொண்டுபோய் வைப்ப?"

இனி மறைத்தால் பள்ளிக்கூடம் போய்விடும். எல்மெர் நிமிர்ந்து நின்றான்.

"மேடம், இங்க நாங்க எட்டுப் பேர் இருக்கோம். நீங்க தப்பா நினைப்பீங்கன்னு காலையிலதான் நான் கட்டிலைத் தூக்கி ஷெட்டுல போட்டேன். இவ இந்த மூலையிலதான் தூங்குறா. செவுத்தைப் பாருங்க."

ஹேவர்லி முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தரைக்குச் சற்று மேலே, படுத்தபடி கை எட்டும் உயரத்தில், சுவர் நெடுக மீன்களும் பூனைகளும் கிறுக்கப்பட்டிருந்தன.

"எப்ப வரைஞ்ச?"

"தூக்கம் வராதப்ப. மாமா குறட்டை விடுவாரு."

ஹேவர்லி சிரித்துவிட்டார். "தலையை எண்றது என் வேலை இல்லப்பா. வடக்குல வகுப்பெல்லாம் காத்து வாங்குது, எங்களுக்குப் புள்ளைங்கதான் வேணும். திங்கக்கிழமை அனுப்பி வைங்க."

கட்டில்களை எல்லை தாண்டித் திரும்பக் கொண்டுவந்து போட்டதும், எல்மெர் போனை வாயருகே வைத்து ஊரிலிருக்கும் குடும்பத்துக்குச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டது:

"அர்லினுக்கு எடம் கெடச்சிருச்சு. அடுத்து இங்க வரப்போறவங்க யார் இதைப் படிச்சாலும் சரி, வீட்டைப் பாக்க ஆள் வந்தா தயவுசெஞ்சு கட்டிலைத் தூக்காதீங்க."